கிழக்கே போகும் குப்பை லாரி

வேலந்தாவளம் சந்தையில் தக்காளிக்கு விலை கேட்பது தமிழில். படிவது பாதி நாள் மலையாளத்தில். பாலக்காடு மாவட்டத்தின் வடகரப்பதி ஊராட்சியில், கோயம்புத்தூர் மாவட்டத்தை முட்டிக்கொண்டு கிடக்கும் சின்ன ஊர். சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. பெயர்ப்பலகையில் எழுத்து மாறும், பேருந்தின் நிறம் மாறும், பேச்சு மாறாது. இரண்டு பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தக்காளி, கத்தரி, புடலை, பாகல் எல்லாம் இங்கே வந்து சேர்ந்து, எடை போடப்பட்டு, பெட்டி பெட்டியாக லாரியேறி திருச்சூர், கொச்சிப் பக்கம் போகின்றன.

மேற்கே நிறைந்து போன வண்டி கிழக்கே திரும்பும்போது காலி. லாரித் தொழிலில் இருப்பவர்களுக்குக் காலி வண்டி ஓட்டுவதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை. டீசல் தீரும், டயர் தேயும், படி கொடுக்க வேண்டும். வாடகை மட்டும் ஒரு வழிக்குத்தான். அதனால் திரும்புகிற வழியில் ஏதாவது சுமை கிடைக்காதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். ‘ரிட்டர்ன் லோடு’ என்பது அதன் பெயர். சிக்கல் என்னவென்றால், தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குப் போகும் காய்கறி, முட்டை, கறிக்கோழி, பால், மாடு, கோழித்தீவனம் என்ற நீண்ட பட்டியலுக்கு ஈடாக அங்கிருந்து வருவதற்குச் சரக்கு இல்லை. கிடைக்கிற சுமையை அரை வாடகைக்கும் ஏற்றிக்கொள்ள வண்டிகள் தயாராக நிற்கின்றன. குப்பை அந்த இடத்தில்தான் ஏறுகிறது.

மற்ற சரக்குக்கும் குப்பைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தக்காளியை வாங்குகிறவர் காசு கொடுப்பார். குப்பையை அனுப்புகிறவர் காசு கொடுப்பார். கோழிக்கடைக்காரர், உணவகம், அடுக்குமாடிக் குடியிருப்பு, மருத்துவமனை என்று கழிவு சேரும் இடமெல்லாம் அதை அகற்ற ஒப்பந்தக்காரருக்குக் கட்டணம் கட்டுகின்றன. ஒப்பந்தக்காரர் அதை முறையாகச் சுத்திகரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் அங்கே அவர் கட்டணம் கட்ட வேண்டும். எல்லை தாண்டி ஒரு தென்னந்தோப்பிலோ கைவிட்ட பாறைக்குழியிலோ கவிழ்த்துவிட்டால் அந்தக் கட்டணம் மிச்சம். நில உரிமையாளருக்கோ இடைத்தரகருக்கோ கொஞ்சம் கொடுத்தது போக மீதியெல்லாம் லாபம். இந்தக் கணக்கை எந்தச் சட்டப் புத்தகத்திலும் பார்க்க முடியாது. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் வந்த சட்டங்கள், விதிகள், தீர்ப்புகள் எல்லாவற்றையும் இந்தக் கணக்கின் மேல் வைத்துப் பார்த்தால்தான் அவை எங்கே கடிக்கின்றன, எங்கே நழுவுகின்றன என்பது தெரியும்.

க.க.சாவடி, எட்டிமடை, பொள்ளாச்சியை ஒட்டிய கோபாலபுரம், மீனாட்சிபுரம் பகுதிகளில் குப்பை லாரி பிடிபட்டது என்ற செய்தி புதிதில்லை. பல முறை பிடித்தது அதிகாரிகள்கூட இல்லை. நாற்றம் பொறுக்காத ஊர்க்காரர்கள். கோழிக்கழிவு என்றால் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஒழுகும் நீர் சாலையில் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். காய்ந்த குப்பை அப்படியில்லை. தார்ப்பாயை இழுத்துக் கட்டி, மேலே பழைய அட்டைப்பெட்டியோ சாக்கோ பரப்பிவிட்டால் பழைய பொருள் வியாபாரம் என்று சொல்லித் தப்பிக்கலாம். மூட்டையைப் பிரித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்: குளுக்கோஸ் குழாய், கையுறை, டயப்பர், மாத்திரை அட்டை, நடுவில் மலையாளத்தில் அச்சடித்த ரசீதுகள். குப்பையின் பிறப்புச் சான்றிதழ் அதற்குள்ளேயே கிடக்கும். கூரியர் உறை, மின்கட்டணச் சீட்டு, மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றை வைத்துத்தான் எந்த ஊர், எந்த நிறுவனம் என்று விசாரணை தொடங்குகிறது.

2024 டிசம்பரில் திருநெல்வேலியிலும் இதுதான் நடந்தது. நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர் சுற்றுவட்டாரத்தில் கொட்டிக் கிடந்த குவியல்களில் திருவனந்தபுரத்து மருத்துவமனைச் சீட்டுகள் கிடைத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று கேரளத்துக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. கேரள அதிகாரிகள் குழு வந்து நின்று மேற்பார்வை பார்க்க, அந்த மாநில அரசின் ‘கிளீன் கேரளா’ நிறுவன ஏற்பாட்டில் வந்த லாரிகளில் குப்பை ஏறியது. எத்தனையோ ஆண்டுகளாக ஒரு வழிப் பாதையாக இருந்த சாலையில் குப்பை மேற்கே திரும்பிப் போனதை நெல்லைக்காரர்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மருத்துவமனைக் கழிவு எப்படி இத்தனை தூரம் வருகிறது? விதி ஒன்றும் தளர்வானதில்லை. 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் நிறம் பிரித்துப் போட வேண்டும். ரத்தம் தோய்ந்த பஞ்சு, அறுவைசிகிச்சையில் எடுத்த திசு, காலாவதி மருந்து ஆகியவை மஞ்சள் பை. குழாய், கையுறை போன்ற பிளாஸ்டிக் சிவப்பு. ஊசி, பிளேடு குத்தித் துளைக்க முடியாத வெள்ளை டப்பா. கண்ணாடிக்கு நீலம். பைக்குப் பார்கோடு ஒட்ட வேண்டும். மனித உறுப்புக் கழிவைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மஞ்சள் பை எரியுலைக்குப் போகும். முதல் அறையில் குறைந்தது 800 டிகிரி, இரண்டாவது அறையில் சுமார் 1,050 டிகிரி வெப்பத்தில் புகை இரண்டு விநாடியாவது தங்க வேண்டும் என்பது கணக்கு. தோட்டத்து மூலையில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினால் இந்தச் சூடு வராது. குளோரின் கலந்த பிளாஸ்டிக் அரைகுறையாக வெந்து டையாக்சின் என்ற நஞ்சைக் காற்றில் விடும். சிவப்புப் பை நீராவியில் வெந்து கிருமி நீங்கிய பிறகு துண்டு துண்டாகி மறுசுழற்சிக்குப் போகும்.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை விழுவது வார்டின் மூலையில் இருக்கும் ஐந்தாவது கூடையில். சாப்பாட்டுப் பொட்டலம், காகிதம், அட்டை போடுகிற சாதாரணக் குப்பைக்கூடை அது. மஞ்சள் பைக்குப் படுக்கைக் கணக்கில் கட்டணம் கட்டி, பார்கோடு ஒட்டி, ஏடு எழுதி அனுப்புகிறார்கள். சாதாரணக் குப்பை வேறொரு ஒப்பந்தக்காரருக்கு. அவசரத்தில் ஒரு குளுக்கோஸ் குழாய் இந்தக் கூடையில் விழுந்துவிட்டால் அதற்குப் பார்கோடு கிடையாது, ஏடு கிடையாது. அட்டைப்பெட்டியோடு சேர்ந்து பழைய பொருள் வியாபாரியிடம் போகும். விலை போகிறதைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை லாரியில் ஏற்றினால் வேலை முடிந்தது. மருத்துவமனையைக் கேட்டால் எங்கள் மருத்துவக் கழிவெல்லாம் முறையாகத்தான் போகிறது என்பார்கள். ஏட்டைப் பார்த்தால் அது உண்மையாகவும் இருக்கும்.

இதில் வேலந்தாவளத்துக்காரர்களுக்கு மட்டும் விளங்கும் ஒரு வேடிக்கை உண்டு. கேரளத்தின் மருத்துவக் கழிவைச் சுத்திகரிக்க இந்திய மருத்துவச் சங்கம் தொடங்கிய ‘இமேஜ்’ நிலையம் இருப்பது இதே பாலக்காடு மாவட்டத்தில், கஞ்சிக்கோட்டுப் பக்கம். 2003 முதல் இயங்குகிறது; நீண்ட காலம் அந்த மாநிலம் முழுவதற்கும் அது ஒன்றுதான். பின்னால்தான் கொச்சி அம்பலமேட்டில் இன்னொன்று வந்தது. ஆக, முறையான வண்டியும் திருட்டு வண்டியும் கிட்டத்தட்ட ஒரே திசையில், ஒரே பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் வருகின்றன. ஒன்று கஞ்சிக்கோட்டில் நின்றுவிடுகிறது. மற்றொன்று இன்னும் சில மைல் ஓடுகிறது.

கேரளத்துக்காரர்கள் பொல்லாதவர்கள், தங்கள் ஊரைச் சுத்தமாக வைத்துக்கொண்டு அடுத்தவன் வீட்டில் கொட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அங்கே குப்பை கொட்ட இடமில்லை என்பதும் உண்மை. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்குத் தமிழ்நாட்டில் 555 பேர், கேரளத்தில் 860 பேர். ஊருக்கும் ஊருக்கும் நடுவே வெற்றிடம் கிடையாது. எங்கே கொட்டினாலும் அது யாரோ ஒருவரின் கிணற்றடி. திருவனந்தபுரத்துக் குப்பையைச் சுமந்த விளப்பில்சாலை ஊர் மக்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து 2011 டிசம்பரில் ஆலையை மூட வைத்தார்கள். கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமலை 2023 மார்ச் 2ஆம் தேதி தீப்பிடித்து, பத்து நாளுக்கு மேல் நகரத்தைப் புகையில் மூழ்கடித்தது. மாநகராட்சிக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 100 கோடி ரூபாய் விதித்தது. அதற்குப் பிறகு கேரளம் விழித்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஹரித கர்ம சேனை’ப் பெண்கள் வீடு வீடாகப் போய், மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கைச் சேகரிக்கிறார்கள். வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் பச்சைச் சட்டையோடு வரும் அவர்கள் வீட்டுக்காரர்களிடம் பேசுவதும் தமிழில்தான்.

தமிழ்நாட்டுப் பக்கம் மட்டும் மடியில் கனமில்லையா? கோயம்புத்தூரின் வெள்ளலூர்க் கிடங்கு 2024 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்தது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலைக் குடித்து, ஒரத்துப்பாளையம் அணையை நச்சுத் தொட்டியாக்கி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளையே மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அந்த அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்கள் தமிழர்கள், நஞ்சு விட்டவர்களும் தமிழர்கள். நஞ்சுக்கு மொழி வேறுபாடு தெரியாது என்பதைக் கொங்கு நாட்டு உழவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, சட்டம் என்ன செய்கிறது? இங்கேதான் விசித்திரம். டில்லியும் சென்னையும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் நடந்திருக்கின்றன.

1984ஆம் ஆண்டு போபால் விபத்துக்குப் பிறகு வந்தது 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். மருத்துவக் கழிவு, பிளாஸ்டிக், திடக்கழிவு என்று இன்றிருக்கும் விதிகள் எல்லாமே அந்தச் சட்டத்தின் பிள்ளைகள். மீறினால் 5 ஆண்டு வரை சிறை என்பது அதன் 15ஆம் பிரிவு. 2023இல் வந்த ‘ஜன் விஸ்வாஸ்’ சட்டம் அந்தப் பிரிவிலிருந்து சிறையை எடுத்துவிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை. விதிப்பது நீதிமன்றம் இல்லை, அதற்கென நியமிக்கப்படும் அதிகாரி. கட்டத் தவறினால்தான் சிறைப் பேச்சே வரும். தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்துக்கும் 2024இல் இதே பாணியில் திருத்தம் வந்தது. ஆனால் தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால், எந்த மாநிலம் தீர்மானம் போட்டு ஏற்கிறதோ அங்கேதான் செல்லும். இந்த மாற்றத்துக்குச் சொன்ன காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. குற்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. தண்டனை வரை போனது அபூர்வம். பத்தாண்டு கழித்து வராத சிறையைவிட ஆறு மாதத்தில் வரும் தண்டம் மேல் என்பது வாதம்.

அதே நேரத்தில் சென்னையில் நடந்தது வேறு. திருநெல்வேலிச் சம்பவத்தின் சூடு ஆறுவதற்குள், மருத்துவக் கழிவு கொட்டுகிறவர்களையும் குண்டர் சட்டத்தில் சேர்க்கலாமே என்று உயர் நீதிமன்றத்தில் பேச்சு எழுந்தது. 2025 ஏப்ரலில் சட்டமன்றம் அதற்கான திருத்தத்தை நிறைவேற்றியது; அதே ஆண்டு அது நடைமுறைக்கும் வந்தது. குண்டர் சட்டம் என்பது 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம். கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் விற்பவர், குண்டர் என்று தொடங்கி, பிறகு திருட்டு வி.சி.டி.க்காரர், மணல் கடத்துபவர், இணையக் குற்றவாளி என்று நீண்டுகொண்டே வந்த வரிசையில் இப்போது குப்பை கொட்டுகிறவரும் நிற்கிறார். விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

டிரைவர்களிடையே இதற்குப் பயம் இருக்கிறது. பயம் வேலை செய்யும். ஆனால் யார் பயப்படுகிறார் என்று பார்க்க வேண்டும். பிடிபடும்போது வண்டியில் இருப்பவர் டிரைவரும் கிளீனரும். அவர்களுக்கு முன்னால் இடைத்தரகர், அவருக்கு முன்னால் துணை ஒப்பந்தக்காரர், அதற்கும் முன்னால் ஒப்பந்தக்காரர், கடைசியில் குப்பைக்குச் சொந்தக்கார நிறுவனம். சட்டத்தின் கடுமை இந்தச் சங்கிலியின் வால்முனையில் உச்சமாகவும், தலைமாட்டில் பதினைந்து லட்சத்தில் அடங்குவதாகவும் அமைந்துவிட்டது. ஒரு பெரிய மருத்துவமனைக்குப் பதினைந்து லட்சம் என்ன தொகை என்று சொல்லத் தேவையில்லை. இந்த இடத்தில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் சொன்னதுதான் ஓரளவு கைகொடுக்கிறது: தண்ணீர், காற்று மாசுத் தடுப்புச் சட்டங்களின் கீழ், கெடுத்த இடத்தைச் சீர்செய்வதற்கான இழப்பீட்டை மாசுக்கட்டுப்பாட்டு வாரியங்களே நேரடியாக வசூலிக்கலாம். தண்டம் வேறு, இழப்பீடு வேறு. இழப்பீட்டுக்கு உச்சவரம்பு சேதத்தின் அளவுதான். திருநெல்வேலியில் நடந்ததும் பார்க்கப்போனால் அதுவே. கொட்டியதை அள்ளிப் போக வைத்ததால் ‘ரிட்டர்ன் லோடு’க்கு இரட்டை வாடகை ஆயிற்று. லாபக் கணக்கு கவிழ்ந்த இடம் அது ஒன்றுதான்.

2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளுக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் செல்லும் என அறிவிக்கப்பட்ட புதிய விதிகளும் தலைமாட்டைத் தொடப் பார்க்கின்றன. ஈரம், உலர், டயப்பர்-நாப்கின் வகை, விளக்கு-மருந்து-பெயின்ட் வகை என்று நான்காகப் பிரிக்க வேண்டும். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் பெரிய நிறுவனங்கள் தங்கள் குப்பைக்குத் தாங்களே பொறுப்பு. நான்கு கூடை என்றதும் சிரிப்பவர்கள் எல்லையில் பிடிபட்ட மூட்டையைப் பிரித்துப் பார்க்கலாம். மறுசுழற்சிக்கும் ஆகாத, மக்கவும் செய்யாத, எந்த வியாபாரியும் தொடாத டயப்பர் வகையறா அதில் இருக்கும். விலை போகாத குப்பைதான் ஊர் ஊராக அலையும்.

சாவடி இருக்கிறதே, பிடிக்க முடியாதா என்று கேட்பார்கள். கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே வாளையார், வேலந்தாவளம், வீரப்பகவுண்டனூர், நடுப்புணி, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று வரிசையாகச் சாவடிகள். தோட்டங்களின் ஊடாகப் போகும் வண்டிப்பாதைகள் கணக்கில் வராது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததோடு விற்பனை வரிச் சாவடிகள் மூடப்பட்டன. அதற்கு முன்பு ஒவ்வொரு வண்டியும் நின்றது, சீட்டுக் காட்டியது, சந்தேகம் வந்தால் தார்ப்பாய் பிரிந்தது. அந்தச் சோதனை குப்பைக்காக நடந்ததில்லை, வரிக்காக நடந்தது. அரசாங்கத்துக்குக் காசு வருகிற இடத்தில் கண் விழிப்பாக இருந்தது, அதன் புண்ணியத்தில் குப்பையும் கொஞ்சம் மாட்டியது. இப்போது காவல்துறை, போக்குவரத்து, கால்நடைப் பராமரிப்பு ஆகியோர் நிற்கிறார்கள். மாட்டுக்குக் கோமாரி இருக்கிறதா என்று பார்க்க ஆள் உண்டு. தார்ப்பாயைப் பிரிப்பதே வேலையாக ஒருவர் இல்லை.

நாடுகளுக்கு இடையே இதற்கு ஏற்பாடு இருக்கிறது. 1989இல் கையெழுத்தான பாசல் உடன்படிக்கைப்படி, அபாயக் கழிவை அனுப்பும் நாடு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, வாங்கும் நாட்டின் சம்மதம் பெற வேண்டும். பொய் சொல்லி அனுப்பினால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இலங்கை அதைச் செய்து காட்டியது. பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரில் 2017 முதல் 2019 வரை பிரிட்டனிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த கொள்கலன்களில் மருத்துவக் கழிவும் கலந்திருந்தது. நீதிமன்ற உத்தரவின்படி 2020 செப்டம்பரில் முதல் தொகுதி திருப்பி அனுப்பப்பட்டது. 2022 பிப்ரவரியில் கடைசித் தொகுதி கப்பலேறியபோது மொத்தம் 263 கொள்கலன்கள். லண்டனுக்கும் கொழும்புக்கும் நடுவே செல்லுகிற இந்த முறை வேலந்தாவளத்துக்கும் பிச்சனூருக்கும் நடுவே இல்லை. ஆலைகளின் அபாயக் கழிவுக்கு மட்டும் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக அனுமதியும், வண்டியோடு போகும் பிரதிச் சீட்டுகளும் உண்டு. கோழிக்கழிவுக்கும் டயப்பருக்கும் அப்படி எதுவும் கிடையாது.

இடுக்கிப் பக்கம் கதை கொஞ்சம் மாறும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்றும் மலைச்சாலைகள். ஊர் தேடிக் கொட்ட வேண்டியதில்லை; கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரங்கட்டி உருட்டிவிட்டால் மூட்டை காட்டுக்குள் போய்விடும். யாருக்குத் தெரியும்? யானைக்குத் தெரியும். மூணாறில் தோட்டத் தமிழர்கள் ரஜினி படத்தின் பெயரை வைத்துக் கூப்பிடும் ‘படையப்பா’ என்ற கொம்பன், கல்லாறு குப்பைக் கிடங்குக்கு வந்து காய்கறிக் கழிவைத் தேடித் தின்றது ஊரறிந்த செய்தி. 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் மூணாறு, தேக்கடி, வாகமண் உள்ளிட்ட மலைச்சுற்றுலாத் தலங்களில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை அக்டோபர் 2 முதல் தடை செய்தது. 5 லிட்டருக்குக் குறைந்த தண்ணீர்ப் பாட்டில்கூட ஆகாது. இந்தப் பக்கம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கெனவே போட்ட கட்டுப்பாட்டின் தம்பி அது. தேனியிலிருந்து ஏறும் சுற்றுலா வண்டிக்காரர்கள் இப்போது மலை ஏறுமுன் இரண்டு மாநிலத்துத் தடைப் பட்டியலையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

குப்பைக்கு இன்னொரு வேடமும் உண்டு. உரம். வேலந்தாவளத்திலிருந்து அதிகத் தூரமில்லை பிளாச்சிமடை. இதே சித்தூர் வட்டம், பெருமாட்டி ஊராட்சி. 2000இல் அங்கே தொடங்கிய கோகோ கோலா ஆலை, நிலத்தடி நீரை உறிஞ்சியதை எதிர்த்து மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் நடத்திய போராட்டம் உலகறிந்தது. அதிகம் பேசப்படாத இன்னொரு பாதி உண்டு. ஆலையின் சேற்றுக்கழிவு சுற்றுவட்டார உழவர்களுக்கு உரம் என்று வழங்கப்பட்டது. காசில்லாமல் வருகிற உரத்தை யார் வேண்டாமென்பார்? 2003இல் பி.பி.சி. வானொலி அதை எடுத்துப் பரிசோதித்தபோது காட்மியமும் ஈயமும் இருந்தன. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010இல் கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு சேதத்தை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. இழப்பீடு வாங்கித்தரத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011இல் கேரளச் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றி அனுப்பியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது திரும்பி வந்தது. எல்லையில் இன்றும் தோப்புக்காரர்களிடம் குப்பை வண்டிக்காரர்கள் முதலில் எடுத்து விடும் சொல் ‘உரம்’தான். கோழிக்கழிவு தென்னைக்கு நல்லதுங்க, குழி வெட்டிப் போட்டா காய் புடிக்கும் என்பார்கள். முதல் லோடு கோழிக்கழிவாகவே இருக்கும். நான்காவது லோடில் என்ன இருந்தது என்று மழை பெய்து மண் கரைந்த பிறகு தெரியும்.

மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது அடுத்த கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே இருப்பதெல்லாம் வங்கக் கடலுக்குப் போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பாலக்காட்டுக் கணவாயில் அந்தப் பாடம் செல்லாது. மதுக்கரைக்குத் தெற்கே எட்டிமடை, க.க.சாவடி, பிச்சனூர் வட்டாரத்து நீர் நொய்யலுக்குப் போவதில்லை. வாளையாறு வடிநிலம் என்று தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறை வரைபடங்களில் குறிக்கப்படும் அந்தப் பகுதி மேற்கே சாய்ந்து கிடக்கிறது. வாளையாறும் கோரையாறும் கல்பாத்திப்புழையில் விழுந்து, கல்பாத்தி அக்கிரகாரத்தைக் கடந்து, பாரதப்புழையாகிப் பொன்னானியில் அரபிக்கடலைத் தொடுகின்றன. வழிநெடுக அந்த ஆற்றை நம்பிக் குடிநீர்த் திட்டங்கள்.

ஆக, லாரி கிழக்கே கொண்டுபோய்க் கவிழ்த்ததை மழை மேற்கே கொண்டுவருகிறது. இடையில் கொஞ்சம் பூமிக்குள்ளும் இறங்கும். இது மழைமறைவுக் கரிசல் நிலம். கோடையில் கிணறுகள் பாதாளத்துக்குப் போகும். கேரளத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிய வட்டாரம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் பெயர் குறித்த ஒன்று சித்தூர். ஆழம் போகப் போக, மேலே கொட்டியது கீழே சேர நேரம் பிடிக்கும். ஆனால் இருக்கிற கொஞ்ச நீரில் அது கரையும்போது அடர்த்தியும் அதிகம். இந்த ஊர்களில் தண்ணீருக்கு அடித்துக்கொள்வது பழைய கதை. ஆழியாற்றுத் தண்ணீர் இத்தனை அடி வந்ததா என்று ஆண்டுதோறும் இரு மாநில அதிகாரிகளும் கணக்குப் பார்ப்பார்கள். வருகிற தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கு அப்படி ஒரு கூட்டம் கூடுவதில்லை.

எல்லைக்கு இந்தப் பக்கத் தோட்டங்களில் அதே கிணற்று நீர் பாய்ந்து விளைந்த புடலையும் பாகலும் விடியற்காலை மூட்டையாகி வேலந்தாவளம் வருகின்றன. ஏழு மணிக்குள் விலை படிந்துவிடும். பெட்டிகளை அடுக்கித் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, டீக்கடையில் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு, டிரைவர் வண்டியை மேற்கே திருப்புகிறார்.